தரங்கம்பாடி: பார்த்தவனும் பார்க்கப்பட்டவனும்

1

தமிழனுக்கு நன்றாகப் பழக்கமான ஜெர்மானியத் துறைமுக நகரம் ஒன்று உண்டு. அது ஒரு ஊரின் பெயர் என்பது மட்டும் பெரும்பாலும் அவனுக்குத் தெரியாது. 'அவன் சரியான எம்டன்' என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்கிறவர் எம்ஸ் நதி கடலில் கலக்கும் இடத்திலுள்ள ஒரு பழைய நகரத்தை நினைத்துக்கொண்டு சொல்வதில்லை. பதினாறாம் நூற்றாண்டில் நெதர்லாந்திலிருந்து மதத்துக்காக விரட்டப்பட்டவர்கள் அடைக்கலம் புகுந்த ஊர் அது. அந்த ஊரின் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைக் கடற்கரைக்கு வந்து பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போயிற்று. அந்த நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவுகளருகே கப்பலின் கதையும் முடிந்தது. ஆனால் சொல் முடியவில்லை. அகப்படாதவன், எதற்கும் துணிந்தவன், எமகாதகன் என்கிற அர்த்தத்தில் அது தமிழில் தங்கிவிட்டது.

ஒரு ஊர் இன்னொரு மொழிக்குள் நுழைகிற விதங்களில் இது ஒன்று. யாரும் போய்ப் பார்க்கவில்லை. யாரும் வந்து சொல்லவில்லை. சில நிமிஷங்கள் வெடித்த குண்டுகளிலிருந்து ஒரு சொல் கிடைத்தது, அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு விஷயம் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மனியில், ஹாலே நகரத்தின் பக்தி இயக்கத்தைச் சேர்ந்த குடும்பங்களில், சோழமண்டலக் கரையின் ஒரு சிறிய துறைமுகத்தின் பெயர் நன்றாகத் தெரிந்திருந்தது. 'ட்ராங்கேபார்' என்று அவர்கள் சொன்ன தரங்கம்பாடி. அந்த ஊரின் தெருக்கள், பள்ளிக்கூடங்கள், சாமிகள், சாதிகள், வைத்தியம், கல்யாணம், சாவு எல்லாம் அச்சில் அவர்கள் வீட்டுக்கு வந்தன. அவர்கள் ஊர் நமக்கு ஒரு வசைச்சொல். நம் ஊர் அவர்களுக்கு ஒரு நூலகம். இந்த ஏற்றத்தாழ்வைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன். வெள்ளைக்காரன் வந்தான், படித்தான், அச்சிட்டான், நமக்கு உரைநடை கொடுத்தான் என்று ஒரு கட்சி. வந்தான், கெடுத்தான் என்று இன்னொரு கட்சி. இரண்டும் பார்த்தவனையே நடுவில் வைத்துப் பேசுகின்றன. பார்க்கப்பட்டவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்பதை இரண்டுமே கேட்பதில்லை.

2

பயணம் பற்றிப் பேசச் செவிலிமேட்டில் இருக்கிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. எங்கள் ஊரின் ஸ்தலக் கதையே ஒரு பயணக் கதைதான். விந்தியக் காட்டில் வழி தவறிய ராமானுஜரை ஒரு வேடனும் வேடுவச்சியும் வழித்துணையாக வந்து சேர்க்கிறார்கள். விடிகிற நேரம், தண்ணீர் வேண்டுமென்று அந்தப் பெண் கேட்க, அவர் கிணற்றில் இறங்கிக் கொண்டுவந்து கொடுக்கிறார். திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. இது எந்த ஊர் என்று எதிரே வருகிறவர்களைக் கேட்கிறார். காஞ்சி என்கிறார்கள். அந்தச் சாலைக்கிணற்றிலிருந்து தினமும் வரதராஜருக்குத் தீர்த்தம் கொண்டுபோவதை அவர் தன் கடமையாக்கிக்கொண்டார் என்பது சம்பிரதாயம். இந்தக் கதையில் பயணியின் 'மனப்பதிவு' என்று எதுவும் இல்லை. பயணம் ஒரு கடன். அதைத் தினமும் தண்ணீர் சுமந்து அடைக்கவேண்டும்.

இதற்கும் முந்தைய மரபு ஆற்றுப்படை. பெரும்பாணாற்றுப்படை காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் போகும் வழியைச் சொல்வது. நீர்ப்பெயற்று என்னும் துறைமுகமும் அங்கே இரவில் கலங்களுக்கு வழிகாட்டும் விளக்கும் அதில் வருகின்றன. மாமல்லபுரமே அந்தத் துறை என்பாரும் உண்டு. இங்கே கவனிக்க வேண்டியது, யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பது. போய்ப் பரிசு பெற்றுத் திரும்புகிற பாணன், இன்னும் போகாத பாணனிடம் பேசுகிறான். சொல்பவனும் கேட்பவனும் ஒரே ஜாதி, ஒரே பசி. கேட்டவன் எழுந்து நடக்கப் போகிறான். வர்ணனை அத்தனையும் அவன் காலுக்காக.

ஐரோப்பியப் பயணக் கடிதத்தின் அமைப்பு வேறு. அங்கே கேட்பவன் நடக்கப் போவதில்லை. அவன் வீட்டில் கணப்பருகே உட்கார்ந்திருக்கிறான். பல சமயங்களில் பணம் கொடுத்தவன் அவன். தரங்கம்பாடியிலிருந்து போன கடிதங்களும் நாட்குறிப்புகளும் 1710 முதல் 1772 வரை ஹாலேயில் தொடர்ச்சியாகப் பிரசுரமாயின. 'ஹாலே அறிக்கைகள்' என்று இன்று குறிப்பிடப்படுபவை அவை. வங்கியில் வேலை பார்க்கிறவனுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. முதலீடு செய்தவர்களுக்கு வருஷாவருஷம் அறிக்கை போகவேண்டும். எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள், எத்தனை பிள்ளைகள் பள்ளியில், எவ்வளவு செலவு என்பதோடு, இருளில் இருக்கும் ஒரு ஜனத்தின் சித்திரமும் போகவேண்டும். சித்திரம் ரொம்பவும் இருட்டாக இருந்தால் நம்பிக்கை போய்விடும். வெளிச்சமாக இருந்தால் எதற்குப் பணம் என்ற கேள்வி வரும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அந்த எழுத்து நடந்தது. அது பொய் என்று நான் சொல்லவில்லை. யாருக்காக எழுதப்பட்டது என்பதை மறந்து படிக்க முடியாது என்கிறேன்.

3

தரங்கம்பாடியைப் போய்ப் பார்க்கிறவனுக்கு முதலில் தோன்றுவது, எவ்வளவு சின்ன ஊர் என்பது. 1792இல் கட்டிய கோட்டை வாசலுக்குள் நுழைந்தால் நேராக ராஜ வீதி. பத்து நிமிஷம் நடந்தால் கடல். வழியில் ஒரு பக்கம் 1701இல் டேனிஷ்காரர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட சீயோன் கோவில். இன்னொரு பக்கம் 1718இல் தமிழ்ச் சபைக்காக எழுந்த புதிய எருசலேம் கோவில். வீதி முடிகிற இடத்தில் வெளி, வெளியின் ஓரத்தில் டான்ஸ்போர்க் கோட்டை. கடலுக்கு மிக அருகில், மாசிலாமணிநாதர் கோவிலின் மிச்சம்.

இந்த மிச்சத்திலிருந்துதான் ஊரின் வரலாற்றைத் தொடங்கவேண்டும். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோவில் அது. சடங்கன்பாடி என்று அப்போது ஊருக்குப் பெயர். டேனிஷ்காரன் வருவதற்கு முந்நூறு வருஷத்துக்கு முன்பே கல்லில் பெயர் வெட்டிக்கொண்ட ஊர். அந்தக் கல்லைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டுவிட்டது. தரங்கம் என்றால் அலை. பாடுகிற அலை என்று பெயருக்குப் பொருள் சொல்லிப் பரவசப்படுகிற வழக்கம் இருக்கிறது. கோவிலைப் பார்த்தால் அந்தப் பரவசம் கொஞ்சம் அடங்கும்.

1616இல் டென்மார்க்கில் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்பட்டது. 1620இல் ஓவே கியெட்டே என்கிற கடற்படைத் தளபதி இங்கே வந்து தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். ஆண்டு வாடகைக்கு இடம். கோட்டை கட்டிக்கொள்ள, வியாபாரம் செய்ய உரிமை. நாயக்கர் டேனிஷ் அரசன் நான்காம் கிறிஸ்தியானுக்குப் பொன் ஏட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஒரு தெலுங்கு அரசன், தமிழ் எழுத்தில், பொன் தகட்டில், வடகடல் ராஜா ஒருவனுக்கு. இது வாசிக்கப்பட்டதா என்பதைவிட, எழுதியவன் தன் மொழியை அந்த ராஜா எப்படியாவது படித்துக்கொள்ளட்டும் என்று நினைத்திருக்கிறான் என்பது முக்கியம். அந்தத் தன்னம்பிக்கை எப்போது போயிற்று என்பதும் யோசிக்க வேண்டியது.

1845இல் தரங்கம்பாடியும் வங்காளத்து செராம்பூரும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்கப்பட்டன. ஊரை விற்பது என்பது நமக்கு இன்று கொஞ்சம் விசித்திரமாகத் தெரியலாம். கணக்குப் புத்தகத்துக்கு அது விசித்திரமில்லை. நஷ்டத்தில் ஓடுகிற கிளையை மூடுவது. வாங்கியவனுக்கு நாகப்பட்டினமும் சென்னையும் போதுமாயிருந்தன. கப்பல் நின்றது. அதனால்தான் ஊர் அப்படியே மிஞ்சியது. துறைமுகமாகத் தோற்றதால் நினைவுச்சின்னமாக ஜெயித்த ஊர்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இங்கே மீனவர் குப்பங்கள் சிதைந்தன. அதற்குப் பிறகு டென்மார்க் நாட்டு அமைப்புகளின் உதவியோடும் இன்டாக் முயற்சியாலும் பல பழைய வீடுகள் செப்பனிடப்பட்டன. கவர்னர் மாளிகையும் புதுப்பிக்கப்பட்டது. கோட்டைக்குள் அருங்காட்சியகம். கடலோரத்தில் ஒரு பழைய பங்களா ஹோட்டலாகியிருக்கிறது. இப்போது ஊர் மயிலாடுதுறை மாவட்டத்தில். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸில் வந்து இறங்கும் குடும்பங்கள் கோட்டைச் சுவரில் சாய்ந்து படமெடுத்துக்கொள்கின்றன. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் செப்பனிட்ட சுவர் நமக்குச் சொல்வது சுவரைக் கட்டியவனின் கதையை. இங்கே நடந்த உண்மையான காரியம் சுண்ணாம்பில் நடக்கவில்லை. ஓலையிலும் காகிதத்திலும் நடந்தது.

4

1706 ஜூலை 9. சோபியா ஹெட்விக் என்ற கப்பலில் பார்த்தலோமேயு சீகன்பால்க், ஹைன்ரிஷ் ப்ளூட்ஷாவ் என்கிற இரண்டு ஜெர்மானியர்கள் வந்து சேர்கிறார்கள். அனுப்பியவன் டேனிஷ் அரசன் நான்காம் பிரெடெரிக். சீகன்பால்குக்கு அடுத்த நாள் இருபத்துநான்கு வயது முடிகிறது. சாக்ஸனியில் புல்ஸ்னிட்ஸ் என்ற ஊர்க்காரன். உள்ளூர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரைத் தன் வீட்டுக்கே அழைத்துக்கொண்டு, பிள்ளைகளோடு சேர்ந்து மணலில் எழுதி எழுத்துப் படித்தான். இந்தச் சித்திரம் எல்லாப் புத்தகத்திலும் வரும். நெகிழ்ச்சியாக இருக்கிறது, இருக்கட்டும்.

நெகிழ்ச்சிக்கு உதவாத இன்னொன்றும் இருக்கிறது. வந்த புதிதில் ஒரு கோவிலுக்குப் பக்கத்தில் இருந்த மண் உருவங்கள் சிலவற்றைத் தள்ளி, தலையை உடைத்தான். அப்போது அங்கிருந்த தமிழர் ஒருவர், இவை கடவுளர் அல்ல, கடவுளின் சேவகர்கள் என்று அவனுக்கு விளக்கினார். இதை அவனே தன் கடிதத்தில் எழுதியிருக்கிறான். 1713இல் இதே ஆள் 'மலபார் தெய்வங்களின் வம்சாவளி' என்றொரு பெரிய நூலை ஜெர்மன் மொழியில் எழுதி முடித்தான். அதில் சிவன், விஷ்ணுவோடு நிற்காமல் ஐயனார், எல்லம்மன், மாரியம்மன், அங்காளம்மன், பிடாரி என்று கிராம தேவதைகளுக்குத் தனிப்பகுதி. நம் புலவர்கள் தலபுராணம் பாடிக்கொண்டிருந்த காலத்தில், இவர்களுக்கு ஏட்டில் வரிசைப்படுத்திய இடம் அபூர்வம். உடைத்த கையே பட்டியல் எழுதிற்று. ஏழு வருஷத்தில் இந்த ஆள் எங்கோ போயிருக்கிறான். கடலைத் தாண்டியதைவிட இதுதான் பெரிய பயணம்.

அந்தப் புத்தகத்துக்கு என்ன நடந்தது? ஹாலேயில் அதைப் பிரசுரிக்க மறுத்துவிட்டார்கள். அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர்கள் அதை ஐரோப்பாவில் பரப்பவேண்டியதில்லை என்பது அங்கிருந்த மனோபாவம். கையெழுத்துப் பிரதி கிடந்தது. 1867இல் சென்னையில் வில்ஹெல்ம் கெர்மான் அதை அச்சேற்றினார். எழுதி நூற்றைம்பத்துநான்கு வருஷத்துக்குப் பிறகு. 1711இல் எழுதிய இன்னொரு நூல் 1926இல்தான் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அறிக்கைக்கு ஒத்துவராத எழுத்து அலமாரிக்குள் போகும். முதலாளி எந்த மொழி பேசினாலும் இதுதான் வழக்கம்.

1708இல் தன்னிடமிருந்த தமிழ்ச் சுவடிகளுக்கு சீகன்பால்க் ஒரு விளக்க அட்டவணை தயாரித்தான். நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள். தொல்காப்பியம் இருக்கிறது, திருக்குறள் இருக்கிறது, நிகண்டும் நீதிநூல்களும் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அது என்ன நூல், எப்படிப்பட்டது என்று குறிப்பு. குறள் அச்சானது 1812இல். தொல்காப்பிய எழுத்ததிகாரம் 1847இல். அதாவது நாம் நம் நூல்களை அச்சில் பார்ப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஒரு அந்நியன் அவற்றைத் தன் மேஜையில் வைத்து எண் போட்டிருக்கிறான். அந்த அட்டவணை வில் ஸ்வீட்மன், இலக்குவன் இருவர் முயற்சியில் 2012இல் ஆங்கிலத்தில் முழுமையாகக் கிடைத்தது.

இந்தச் சுவடிகள் எப்படிக் கிடைத்தன என்பதையும் அவன் மறைக்கவில்லை. தன்னிடம் வேலை பார்த்த தமிழ் எழுத்தர்களைப் பல நாள் நடை தூரத்துக்கு உள்நாட்டில் அனுப்பி, புருஷனை இழந்த பெண்களிடம் குறைந்த விலைக்கு வாங்கியிருக்கிறான். படித்தவன் செத்துப்போனான், படிக்கக் கற்பிக்கப்படாதவளிடம் ஏடு கிடக்கிறது, அவளுக்கு அரிசி வேண்டும். இந்த வியாபாரத்தில் வாங்கியவனை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக முடியவில்லை. ஏட்டை அவளுக்குப் பாரமாக்கி வைத்திருந்தது யார்?

5

இனி அச்சு. தமிழ் அச்சின் தொடக்கம் தரங்கம்பாடி அல்ல. 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகிவிட்டது. பிறகு நின்றுபோன காரியத்தை இவர்கள் மறுபடி தொடங்கினார்கள். 1712இல் லண்டனிலிருந்து ஒரு அச்சியந்திரம் வந்தது. 1713இல் ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்தன. அவை ரொம்பப் பெரிசு, காகிதமோ குறைவு. ஆகவே இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈயத் தகட்டை உருக்கி வார்த்ததாகச் சொல்வார்கள். 1714இல் சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும். பக்கத்துப் பொறையாறில் காகித ஆலையும் வைத்தார்கள்.

இங்கிருந்துதான் 'தமிழ் உரைநடை பாதிரிமாரால் பிறந்தது' என்கிற வாய்ப்பாடு கிளம்புகிறது. கல்லூரியில் நாங்கள் இதைக் குறிப்பேட்டில் எழுதிப் பரீட்சையில் கக்கினோம். ஆனால் அந்தக் காலத்திலேயே இதற்கு எதிர்ப்பு இருந்தது, அதுவும் இன்னொரு பாதிரியிடமிருந்து. இத்தாலியரான பெஸ்கி, நம் வீரமாமுனிவர், தரங்கம்பாடித் தமிழைக் கடுமையாகப் பரிகசித்தார். மதச் சண்டை என்று அதை ஒதுக்கலாம். இருந்தாலும் நல்ல தமிழ் எது என்பதைத் தீர்மானிக்க ஒரு இத்தாலியரும் ஒரு ஜெர்மானியரும் மோதிக்கொள்ள, தமிழர் பார்த்துக்கொண்டு நின்றதாக நம் இலக்கிய வரலாறு சித்திரிக்கிறதே, அதுதான் ஒப்பவில்லை.

ஏனென்றால் அவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தார்கள். 1712க்கும் 1714க்கும் இடையில் தரங்கம்பாடிப் பாதிரிமார் பல தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பினார்கள். உங்கள் கடவுள் யார், பாவம் என்றால் என்ன, உங்கள் கல்வி எப்படி, எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? பதில் கடிதங்கள் வந்தன. தொண்ணூற்றொன்பது கடிதங்கள். அவை ஜெர்மனில் மொழிபெயர்க்கப்பட்டு ஹாலே அறிக்கைகளில் பிரசுரமாயின. ஒரு பகுதி 1717இல் லண்டனில் ஆங்கிலத்திலும் வந்தது. அவற்றில் சில கடிதங்கள் எதிரே இருப்பவனைத் தயங்காமல் அளக்கின்றன. உங்கள் வேதம் நல்லதாக இருக்கலாம். ஆனால் நீங்கள் குடிக்கிறீர்கள், பசுவைத் தின்கிறீர்கள், உடம்பைச் சுத்தமாக வைத்துக்கொள்வதில்லை. நடத்தையில் வேதத்தைக் காணோமே என்கிற தொனி. இது பார்க்கப்பட்டவனின் பார்வை. 'மனப்பதிவுகள்' என்று சொல்லத் தகுந்த எழுத்து. ஐரோப்பாவுக்குப் போகாமலே, ஐரோப்பாவைத் தன் தெருவில் வைத்துப் பார்த்து எழுதியது.

அவற்றின் தமிழ் மூலம் நம்மிடம் இல்லை. ஜெர்மன் இருக்கிறது, ஜெர்மனிலிருந்து ஆங்கிலம் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் முதல் பதினைந்து வருஷங்களில், நாகரிகமான, வாதம் செய்யத் தெரிந்த, கோபத்தை அடக்கி எழுதத் தெரிந்த தமிழ் உரைநடை ஒன்று இருந்திருக்கிறது. அது என்ன வாக்கியமாக இருந்தது, எங்கே நிறுத்தியது, எந்தச் சொல்லைத் தேர்ந்தது என்பது போய்விட்டது. அர்த்தம் மிஞ்சியது, மொழி மிஞ்சவில்லை. ரில்கேயையும் பிரெக்டையும் ஆங்கிலத்தில் படித்துவிட்டுச் சண்டை போடுகிற நாம், பிறமொழிக் கவிஞனை இப்படி இழந்து படிப்பதற்குப் பழகியிருக்கிறோம். ஆனால் நம் ஊர்க்காரன் நம் மொழியில் எழுதியதை நாமே ஜெர்மனின் ஆங்கிலத்தில் படிக்கவேண்டியிருப்பது வேறு வகை இழப்பு. அச்சு கொடுத்ததைக் கணக்கெழுதுகிறவர்கள் இதைப் பற்று வரியில் எழுதுவதில்லை. அச்சியந்திரம் அதே ஊரில், அதே வருஷங்களில் ஓடிக்கொண்டிருந்தது. வேதம் தமிழில் அச்சாயிற்று. தமிழனின் பதில் ஜெர்மனில் அச்சாயிற்று. எது யார் படிக்கத் தகுந்தது என்கிற தீர்ப்பு இதற்குள் இருக்கிறது.

இந்த உரைநடை வெறும் யூகம் என்று யாராவது சொன்னால், பக்கத்துத் துறைமுகத்தைப் பார்க்கச் சொல்வேன். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். எந்தப் பாதிரியும் அவருக்கு வாக்கியம் எழுதக் கற்றுக்கொடுக்கவில்லை. வியாபாரம், கப்பல், வதந்தி, துரையின் கோபம், யுத்தம், சகுனம் எல்லாம் ஒரே மூச்சில் வரும் எழுத்து அது. அதற்குப் பின்னால் கணக்குப்பிள்ளைகளும் துபாஷிகளும் மிராசுக் கடிதம் எழுதியவர்களும் நீண்டகாலமாகப் பழக்கிய ஒரு தமிழ் இருக்கவேண்டும். ஒரே நாளில் அப்படி யாரும் எழுதிவிட முடியாது. தரங்கம்பாடிக் கடிதங்களின் தொலைந்துபோன தமிழும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததாகத்தான் இருக்கும். தமிழ் உரைநடையின் தாய்வீட்டைக் கோவிலிலும் சபையிலும் தேடுவதை விட்டுவிட்டு, கணக்கு மேஜையில் தேடவேண்டும் என்பது என் கட்சி. பேரேடு எழுதுகிறவன் சொல்வதால் இது சுயநலம் என்று தள்ளிவிடலாகாது. அலங்காரமில்லாமல், இன்னது நடந்தது, இவ்வளவு கொடுத்தான், இப்படிச் சொன்னான் என்று எழுதவேண்டிய அவசியம் வேறு யாருக்கு இருந்தது?

6

கடைசியாக, மலையப்பன்.

1714 அக்டோபரில் சீகன்பால்க் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினான். கூடவே ஒரு தமிழ் இளைஞன் போனான். பேதுரு மலையப்பன். நெடும்பயணத்தில் கப்பலிலேயே தமிழ் இலக்கண நூல் ஒன்று உருவாயிற்று. 'கிராமாட்டிகா தாமுலிகா' என்ற பெயரில் லத்தீனில் 1716இல் ஹாலேயில் அச்சானது. எழுதியவன் பெயர் சீகன்பால்க். பக்கத்தில் உட்கார்ந்து, இது இப்படி வராது, எங்கள் வீட்டில் இப்படித்தான் சொல்வோம் என்று சொல்லிக்கொண்டு வந்தவன் மலையப்பன்.

காஞ்சிபுரத்துத் தறியில் கோர்வைப் புடவை நெய்கிறபோது இரண்டு பேர் வேண்டும். உடலும் கரையும் வேறு வேறு நிறம். ஒருவர் மட்டும் நாடா ஓட்டி முடியாது. நெசவுக்காரர் உடலை நெய்ய, ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா தள்ள ஒரு உதவியாள், பல வீடுகளில் ஒரு பையன், கூட உட்கார்ந்திருப்பான். இரண்டு நூலும் கோக்கிற இடம்தான் புடவையின் உறுதி. இழுத்துப் பார்த்து வாங்குகிறவர்கள் அந்த இடத்தைத்தான் இழுத்துப் பார்ப்பார்கள். நெய்தவர் யார் என்று கேட்டால் ஒரு பெயர்தான் சொல்வார்கள். அந்த இலக்கணமும் கோர்வைதான்.

1715இல் நார்வேயின் பெர்கன் துறைமுகத்தில் இறங்கி, சீகன்பால்க் டேனிஷ் அரசனைத் தேடிப் போனான். அரசன் அரண்மனையில் இல்லை. ஷ்ட்ரால்சுண்ட் நகரத்தை முற்றுகையிட்டுக்கொண்டிருந்தான். பால்டிக் கடலோரத்துப் பழைய ஜெர்மானியத் துறைமுகம் அது. ஹான்ஸா வணிகர் கூட்டமைப்பில் பெரிய பெயர். செங்கல்லில் எழுப்பிய உயர்ந்த கோவில்கள். அதன் மரியாள் கோவில் கோபுரம் 1647இல் இடி விழுந்து எரியும்வரை உலகத்தின் மிக உயரமான கட்டிடங்களில் ஒன்று. 1628இல் வாலன்ஸ்டைனுக்குப் பணியாத ஊர். இப்போது ஸ்வீடன் அரசன் பன்னிரண்டாம் சார்லஸ் உள்ளே. டென்மார்க், பிரஷ்யா, சாக்ஸனிப் படைகள் வெளியே. தரங்கம்பாடியில் அன்பையும் சமாதானத்தையும் போதிக்க ஆளனுப்பிய அரசன், இன்னொரு கிறிஸ்தவ அரசனின் துறைமுகத்தைச் சுட்டு வீழ்த்தும் முகாமில் வைத்துத் தன் போதகனைச் சந்தித்தான். அந்தக் குளிர்காலத்துக்குள் நகரம் விழுந்தது.

அந்த வருஷம் வடக்கு ஐரோப்பாவைத் தமிழ்க் கண் ஒன்று பார்த்தது. இரண்டு நூற்றாண்டு கழித்து ஒரு ஜெர்மானியக் கப்பல் சென்னையைச் சுட்டபோது நமக்கு ஒரு சொல் கிடைத்தது. அதற்கு வெகுகாலத்துக்கு முன்பே, ஜெர்மனியின் துறைமுகங்கள் தங்களுக்குள் சுட்டுக்கொண்டிருந்த காலத்தில், அங்கே நடந்து திரும்பியவன் ஒருவன் இருந்தான். அவனிடமிருந்து ஒரு ஆற்றுப்படை கிடைத்திருக்கலாம். கடலைத் தாண்டி வந்த பாணன் கடற்கரையில் நிற்கும் பாணனுக்குச் சொல்வதுபோல: இந்தத் திசையில் போ, குளிர் இப்படி இருக்கும், வேதம் பேசுவார்கள், பீரங்கியும் வைத்திருப்பார்கள், இரண்டையும் நம்பாதே, ரொட்டி கொடுத்தால் வாங்கிக்கொள்.

அவனை யாரும் கேள்வி கேட்டுக் கடிதம் அனுப்பவில்லை. கேட்கவேண்டியவர்கள் ஜெர்மானியர் அல்லர், நாம்தான். சீகன்பால்க் 1719 பிப்ரவரியில் முப்பத்தாறு வயதில் இறந்து, தான் கட்டிய கோவிலுக்குள்ளேயே புதைக்கப்பட்டான். அவனுக்குக் கல் இருக்கிறது, சிலை இருக்கிறது, அவன் எழுதியதைத் தேடிப் பதிப்பிக்க மூன்று நூற்றாண்டாக ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். அது நியாயம்தான்; அவன் உழைத்தான். ஆனால் ஹாலேயில் இன்றும் தமிழ் ஓலைகள் இருக்கின்றன. அவற்றைப் புரட்டப்போகும் நம் ஆள் யாராவது, இலக்கணத்தையும் வேதத்தையும் தேடுவதோடு நிற்காமல், ஒரு கடிதத்தின் ஓரத்தில், ஒரு கணக்குச் சீட்டின் பின்பக்கத்தில், அந்தத் தொண்ணூற்றொன்பதில் ஒன்றின் தமிழ் வாக்கியம் ஒன்றாவது அகப்படுகிறதா என்று பார்க்கவேண்டும். ஒரு வாக்கியம் போதும். நாம் எங்கிருந்து எழுதத் தொடங்கினோம் என்ற சண்டையை அதை வைத்துக்கொண்டு புதிதாகப் போடலாம்.